ஓர் எழுத்து மாறிய பக்கம்

வெள்ளத்தில் தப்பிய பிள்ளைகளை வைத்திருந்த விடுதிகளின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார்கள். லட்சக்கணக்கான பக்கங்கள் வந்தன. தேடுபொறி ஒவ்வொன்றையும் நிறுத்தி, “உன்னிடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டது.

“மரகதவள்ளி, வயது ஒன்பது, தம்பியைத் தேடுகிறாள்” என்றது ஒரு மங்கலான பக்கம்.

“சரி. யாராவது இந்தச் சொற்களைக் கேட்டால் கூப்பிடுகிறேன்.”

பல வருடங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒருவர் ‘மரகதவல்லி’ என்று தட்டினார். பக்கம் பதறி எழுந்தது.

“அது நான்தான், ஐயா. எழுதிய குமாஸ்தா ‘ல’ போட வேண்டிய இடத்தில் ‘ள’ போட்டுவிட்டார். என்னை அனுப்புங்கள்.”

“அவர் கேட்டது வேறு பெயரம்மா. எழுத்து ஒத்துப்போனால்தான் என்னால் அனுப்ப முடியும்.”

“கேட்பவர் யார்?”

“தெரியாது. வயதானவர் போலிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடித் தட்டுகிறார்.”

அவர் பதினோரு நாள் வந்தார். பெயரைத் தட்டும்போதெல்லாம் பக்கம் எழுந்து நின்றது. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று தேடுபொறி அவருக்குச் சொன்னதும் உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டாம் நாள் அவர் பெயரைத் தட்டவில்லை. ‘அக்கா’ என்று மட்டும் தட்டினார்.

நாலாயிரம் பக்கங்கள் எழுந்து அவரிடம் போயின. மங்கலான பக்கம் தன்னைத் தானே மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தது. அந்தச் சொல் அதில் எங்கேயும் இல்லை.