சட்டைப் பையில் ஒரு எதிரி

மாலை வகுப்பில் பறவைக் குரல்களைக் கற்கிறோம். என் காதை நான் நம்புவதில்லை. பூங்கா வேலிக்கு அப்பால் கேட்டது தையல்சிட்டுதானா என்று உறுதிசெய்ய, அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். உடனே புதரிலிருந்து ஒரு தையல்சிட்டு பாய்ந்து வந்து, என் நெஞ்சுக்கு நேரே கம்பியில் உட்கார்ந்து, வாலை விறைத்துக்கொண்டு கத்தியது.

"நிறுத்தாதடா, போட்டோ ஆடிப்போச்சு," என்றாள் கூடப் படிக்கும் ஷகிலா. "அதோட எடத்தப் பிடிக்க வந்தவன் உன் பாக்கெட்டுக்குள்ள இருக்கான்னு நெனைக்குது, லூசு!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. சிட்டு விட்டுவந்த புதரில், தைத்த இலைக்குள் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்திருந்தன. கீழ்க்கிளையில், குஞ்சுகளைத் தின்னும் செம்போத்து ஒன்று அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"அணைச்சுத் தொலைடா!"

அணைத்தேன். சிட்டு நம்பவில்லை. கூட்டுக்கு முதுகைக் காட்டியபடி என் பையைப் பார்த்தே கத்தியது. கைதட்டினோம், செம்போத்து அசரவில்லை. வேலியோ ஆளுயரம்.

குரலை மறுபடி முழுச் சத்தத்தில் ஒலிக்கவிட்டு, கைபேசியைக் கூட்டுப் பக்கம் வீசி எறிந்தேன். காற்றில் பறந்துபோன எதிரியைத் துரத்திக்கொண்டு சிட்டு திரும்பியது. செம்போத்து ஏறுவதை நிறுத்தித் தலையைத் தூக்கியது.