இட்வால் ஏற்றிய கோடு

2006 மார்ச் 14, செவ்வாய். தெற்கு வேல்ஸின் ஒரு மருத்துவமனையில், இதய அறுவை மருத்துவர் நெரிஸின் அறுவை முடிவுகளைக் காட்டும் வரைபடக் கோடு சரிந்து எச்சரிக்கை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அது அங்கேயே நின்றால், வெள்ளிக்கிழமை கூடும் குழு அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிவிடும்.

அறுவைக்குப் பின் நோயாளி முப்பதாம் நாளை எட்டினால் கோடு ஏறும்; இறந்தால் இறங்கும். எவ்வளவு என்பது அறுவைக்கு முன் கணக்கிட்ட ஆபத்தைப் பொறுத்தது. திடமானவர் பிழைத்தால் மயிரிழை. பிழைப்பாரா என்று சந்தேகப்பட்டவர் பிழைத்தால் பெரிய படி.

இட்வாலுக்கு அன்று முப்பதாம் நாள். எண்பத்தோரு வயது, பழைய சுரங்கத் தொழிலாளி. இரண்டு மருத்துவமனைகள் அறுவை செய்ய மறுத்தவர். பரிசோதனைக்கு வந்து, காத்திருப்பு அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் ரக்பி பயிற்சியாளர் ஹியூ. அவரும் நெரிஸிடம் அறுவை செய்துகொண்டவர்தான்.

“டாக்டரம்மா கோட்டை நீ எவ்வளவுப்பா ஏத்துன?” என்றார் இட்வால்.

“மயிரிழை, பெருசு.”

“அதுக்கா வார்டுல அப்படிக் கத்துன?”

ஹியூ தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் இன்னும் வலித்தது.

கோடு வரையும் செவிலி பெத்தன், பென்சிலும் வரைபடமுமாக வந்தாள்.

இட்வால் குரலைத் தாழ்த்தினார். “கண்ணு, ஒண்ணு மறைச்சுட்டேன். நுரையீரல் பூரா கரித்தூள். சொன்னா வெட்டமாட்டாங்கன்னு பயம். இப்ப ஆபத்துக் கணக்குல சேர்த்துக்கோ. டாக்டரம்மா கோடு நல்லா ஏறட்டும்.”

“கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சதுதான் கணக்குல வரும், ஐயா.”

“சர்க்கரையும் போடு. மூட்டுவலி? காது கேக்காது, அது?”

“வெக்கமே இல்லையா உமக்கு?” என்றார் ஹியூ.

பெத்தன் சிரிக்கவில்லை. பொய்க்கணக்கில் கோடு ஏறாது. இட்வாலின் கையில் பிஸ்கட் அப்படியே நின்றது.

“வெட்டுறதுக்கு முன்னாடி குழாய்ல ஊதச் சொன்னோமே, ஞாபகம் இருக்கா?” வாசலில் நெரிஸ் நின்றிருந்தார். “உங்க நுரையீரல் அன்னிக்கே உண்மையைச் சொல்லிடுச்சு.”

பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று பதிவு செய்துவிட்டுத்தான், நெரிஸ் அன்று கத்தியை எடுத்திருந்தார்.

பெத்தன் கோட்டை மேலே இழுத்தாள். அந்த ஆண்டின் மிகப் பெரிய படி.

வெள்ளிக்கிழமை குழு எச்சரிக்கையை நீக்கியது.