லிந்துலைப் புள்ள

மதுரன் அழுதுகொண்டிருந்தான்.

நாடகம் நடக்கும் ஹட்டன் மண்டபத்தின் இருட்டில், பக்கத்து நாற்காலியில் இருந்த வினோதாவுக்கு முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. சளி பிடித்துவிட்டதோ என்று திரும்பினாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.



கல்யாணமான நாளிலிருந்து புருஷன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போது அழுகிறான், மேடையில் நிற்கும் அனோஜாவுக்காக.

அனோஜா அவர்கள் ஊரான லிந்துலைக்காரிதான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கொழும்புக்குப் போய் நாடகங்களில் நடித்து, பிறகு சினிமாவில் பெயர் வாங்கியவள். அவள் நடித்த ஒன்றையும் மதுரன் விட்டதில்லை. சென்னையில் அவளுக்கு விருது கொடுத்த அன்று ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் டொபி கொடுத்தான். அவனுடைய ஆட்டோவின் பின்கண்ணாடியில் அவள் முகம்தான். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து கால் வலிக்க இறங்கி வரும் வினோதாவைப் பார்த்து அந்த முகம் தினமும் சிரிக்கும்.

"நம்ம லிந்துலைப் புள்ள" என்பான், என்னவோ தானே பெற்றதைப் போல.

இன்றைக்கு நாடகத்துக்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கிளம்பினாள். இருப்பதில் நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். அதை அவன் கவனிக்கவில்லை.

மேடையில் அனோஜா கொழுந்து பறிக்கும் பெண். கதையில் அவளுடைய கைக்குழந்தை இறந்துவிட்டது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் அவள் வேலைக்குப் புறப்படுகிறாள். வசனம் ஒன்றும் இல்லை. பழைய சேலைத் துண்டு ஒன்றை எடுத்து, மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

மதுரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வினோதாவின் பக்கம் சாய்ந்தான். "நெஞ்ச ஏன் இப்பிடிப் போட்டு இறுக்குறா?"

"பால் கட்டியிருக்குங்க. புள்ள போயிட்டாலும் பால் நிக்காது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

தான் கேட்டது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.



போன வருடம் ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்த மகளைக் கையில் வாங்கியவன் அவன்தான். குழிக்குள் இறக்கியவனும் அவன்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த வாரம் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே, அடுப்படியில், வினோதா சேலைத் துண்டை இழுத்து முடிச்சுப் போட்டபோது வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அனோஜாவின் குரல்.

மேடையில் வெளிச்சம் மாறியது. அனோஜா பேசத் தொடங்கினாள்.

மதுரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வினோதா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.