லக்ஷ்மனின் புதிய பதிப்பு

மலேசியாவின் ஸ்கூடாய் நகரில், அடுக்குமாடி அறையில் மழை பகலை இருட்டாக்கியிருக்கிறது. அண்ணன் லக்ஷ்மனின் கணினி முன் பிரேமளா அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் தோழி ஐலீன், ஆறிப்போன மைலோ கோப்பையுடன். பிரேமளா ரஸ்ட் மொழியில் எழுதும் முதல் நிரல், அண்ணன் எழுதி எல்லாரும் பயன்படுத்தப் பொதுவில் வைத்த லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை நம்பி நிற்கிறது. அந்த லைப்ரரியில் ஒரு பிழை அவளை நாள்கணக்காகத் தடுக்கிறது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. இப்போது திரையில் அதன் புதிய பதிப்பு தெரிகிறது, இன்று காலை வெளியானது. வெளியிட்டவர் லக்ஷ்மன். போன வெள்ளத்தில் கோத்தா திங்கியில் மூழ்கி இறந்தவன். மாற்றக் குறிப்பில் ஒரே வரி: "பாப்பா, இப்ப ஓடும்."

"அலமாக்! தொடாதடி," ஐலீன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "யாரோ அண்ணன் பாஸ்வேர்டைத் திருடி வைரஸ் போட்டிருக்கான் லா. ஓடவிட்டா இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற அவரு போட்டோ, குரல் எல்லாம் போயிடும்."

"அண்ணன் மட்டும்தான் என்னைப் பாப்பான்னு கூப்பிடும். திருடனுக்கு எப்படித் தெரியும்?"

பிடி தளர்கிறது. பிரேமளா புதிய பதிப்பின் எண்ணை எழுதி என்டரை அழுத்துகிறாள். கணினியின் விசிறி இரைகிறது. லைப்ரரிகளின் பெயர்கள் வரிவரியாக மேலேறுகின்றன, அண்ணனுடையதும் ஏறிப்போகிறது. நிரல் ஓடுகிறது.

"ஓடுதுண்ணா," என்கிறாள் பிரேமளா, மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி. வெளியே யாரோ வந்து நிற்பதுபோல் ஐலீன் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.