கழுத்து வரை

இந்த முறையும் பல்லழகனின் தலையைக் கச்சிதமாக வெட்டினேன்.

என் போன் திரையில் அவன் சட்டைக் காலர் வரை வந்தது. அதற்கு மேல் இடமில்லை. பின்னால் கோட்டைச் சுவரும் பழைய பீரங்கியும் அம்சமாக விழுந்திருந்தன.

"நல்லா வந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

சூப்பராக வந்திருக்கிறது என்றேன்.

அவன் என்னை அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லழகன் என்பது நான் மனசுக்குள் வைத்த பெயர். எப்போது பார்த்தாலும் முப்பத்திரண்டும் தெரியும். எனக்குப் பின்னால் ஏழு வருடம் கழித்துக் கம்பெனியில் சேர்ந்தவன், இப்போது மண்டல மேலாளர் நாற்காலிக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிறான்.

வெள்ளிக்கிழமை ஜி.எம். முடிவு சொல்வார். என் மனைவியோ ஏற்கெனவே அவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அந்த அக்காவிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. இனி கிடைக்கவில்லை என்றால் சொந்தபந்தத்தில் ஒருத்தர் வீட்டிலும் நான் தலைகாட்ட முடியாது.

எங்கள் இரண்டு பேரில் யார் தேறுவார் என்று பார்க்கத்தான் ஜி.எம். இந்தத் தெரியாத ஊருக்கு ஒன்றாக அனுப்பினார். ஒரு பெரிய ஆலை நாற்பது பம்பு வாங்கப் போகிறது. ஆலையின் கொள்முதல் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், வரவேற்பறையை விட்டு நகரவே கூடாது என்பது ஜி.எம். உத்தரவு.

பத்து மணிக்கு அங்கே போனோம். வரவேற்பறைப் பெண் கணினியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே, சார் மூன்று மணிக்குத்தான் வருவார் என்றாள்.

ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது அவன்தான். தனியாக உட்கார்ந்து ஈ ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை. அவனைத் தனியாக விடவும் பயம். கூடவே கிளம்பினேன்.

தன் போனை அடுத்தவன் கையில் கொடுக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு. அவனை என் போனில் நான் எடுப்பது, என்னை அவன் போனில் அவன் எடுப்பது, ஊர் திரும்பியதும் மாற்றிக்கொள்வது.

முதலில் மணிக்கூண்டு. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் என் கை தானாகக் கீழே இறங்கியது. அந்தப் பல்லை நான் ஏன் என் போனில் சுமக்க வேண்டும்? கழுத்தோடு நிறுத்தினேன்.

அவன் ஓடிவந்து பார்த்தான். ஆனால் அவன் கோபப்படவில்லை. பல் தெரியாமல் சிரித்தான். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, என் கையிலிருந்த போனில் அவனே விரலை நீட்டி அதை அழித்தான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னான். அதையும் வெட்டினேன். பிறகு அவன் எந்தப் படத்தையும் பார்க்கக் கேட்கவில்லை.

அப்புறம் குதிரை மேல் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு ராஜா, இரும்புப் பாலம், இப்போது இந்தக் கோட்டை. மொத்தம் பதினோரு படம், ஒன்றிலும் தலை இல்லை. ஊருக்குப் போய்ப் பார்க்கும்போது அவன் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என்னை மட்டும் அவன் பார்த்துப் பார்த்து எடுத்தான். கையை விரிக்கச் சொன்னான், தாடையைத் தூக்கச் சொன்னான். பாலத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, நான் அதை நக்குவதைக்கூட எடுத்தான். என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு லட்சணமாக இல்லை. பாவம், விவரம் இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அவன் கோட்டைப் படியில் இறங்கினான். மணி இரண்டேகால்.

என் போன் அடித்தது. ஜி.எம்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வரவேற்பறையில்தான் சார் என்று என் வாய் முந்திக்கொண்டது.

ஐஸ்கிரீம் நன்றாக இருந்ததா என்று கேட்டார்.

என் படங்கள் ஒன்றுவிடாமல் அவருக்குப் போயிருந்தன. பல்லழகன் காலையிலிருந்து வரவேற்பறையிலேயே தவம் கிடக்கிறானாம். நான் ஊர் சுற்றிக்கொண்டு, அவனுக்குப் படம் அனுப்பி வெறுப்பேற்றுகிறேனாம்.

அவனும் என்னோடுதான் இருந்தான், படம் இருக்கிறது என்று கத்தினேன். ஒன்றே ஒன்று அனுப்புங்கள், போதும் என்றார்.

திறந்தேன். சட்டை. சட்டை. சட்டையும் பெல்ட்டும். எந்தக் கடையிலும் கிடைக்கிற வெள்ளைச் சட்டை. நெஞ்சில் அட்டைகூட இல்லை. ஒரே ஒரு படத்தில் என் கை கொஞ்சம் நழுவியிருந்தது. அதில் தாடை வரை வந்திருந்தது.

அவர் காத்திருந்தார். நான் விரலைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"பரவாயில்ல, நீங்க ஊரை நல்லா சுத்திப் பார்த்துட்டு மெதுவா வாங்க. மூணு மணி மீட்டிங்கை அவர் பார்த்துக்குவார்."

சுவர் விளிம்புக்கு ஓடினேன். வெகு கீழே, சாலையோரம் நின்ற வாடகைக் காரை நோக்கி அவன் போய்க்கொண்டிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி எடுத்தேன்.

அன்றைக்கு முதல் முறையாக அவன் தலை முழுசாகப் படத்தில் விழுந்தது.

பின்பக்கம்.