தங்கச்சியின் நிறுத்தம்

அடுத்த நிறுத்தம் தங்கச்சியுடையது.

கதவுக்கு மேலிருந்த பலகையில் அந்த நிறுத்தத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

இந்த நகரத்தில் விமான நிலையம் இரண்டு. நான் வந்து இறங்கியது வடக்கே இருப்பதில். ஊருக்குக் கிளம்ப வேண்டியது தெற்கே இருப்பதிலிருந்து. இரண்டுக்கும் நடுவே ஒரே ரயில், பத்தொன்பது நிறுத்தம். பதினோராவதுக்கு எதிர்த் தெருவில்தான் அவள் குடியிருக்கிறாள்.

இறங்கியபோது என் கையில் ஏழு மணி நேரம் இருந்தது.

அவளிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். அதே ஏர்போர்ட்டில்தான் விமானம் மாறுகிறேன், வெளியே விடவே மாட்டார்கள் என்று வாய் கூசாமல் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "சரிண்ணா" என்றாள். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய சாமர்த்தியசாலி நான்.

வேறு என்ன செய்ய? எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது?

எட்டு மாதத்துக்கு முன்பு நானும் மனைவியும் பிள்ளைகளும் நான்கு நாள் கடற்கரைக்குப் போயிருந்தோம். அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். போனில் இருமினாள். சுடுதண்ணீர் குடி என்றேன். திரும்பி வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பார்க்க வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள் என்றும் சொன்னார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தங்கச்சியும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்.

அவளிடம் சாதாரணச் சளி என்றேன். சின்னவள் வருகிறாளா, வருகிறாளா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அதோடு அம்மா கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஆறாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

தங்கச்சி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டு, கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. சாகப்போகிற தாயிடம் அவளைப் பற்றிப் பொய் சொன்னவன் நான்.

வண்டி வேகம் குறைந்தது.

நடைமேடையில் அவள் நின்றிருந்தாள்.

மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்க வேண்டும். எட்டு மாதத்தில் நன்றாக இளைத்திருந்தாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் எத்தனை வண்டியை விட்டாளோ.

ஐயோ என்றது மனசு. உடம்பு அதைவிட வேகமாகக் குனிந்துவிட்டது. ஷூ லேஸ் கட்டுகிற பாவனை. காலில் கிடப்பது செருப்பு என்பது குனிந்த பிறகுதான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐம்பத்து மூன்று வயதுத் தடிமாடு. கூடப் பிறந்தவளுக்குப் பயந்து முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். ஒரு கதவை மூட இவ்வளவு நேரமா? யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். கடைசியில் மணி அடித்துக் கதவு மூடியது.

வண்டி நகர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குனிந்தபடியே எடுத்துப் பார்த்தேன்.

"நிமிந்து உக்காருண்ணா. வண்டி கிளம்பிடுச்சு."

சடாரென்று நிமிர்ந்ததில் கம்பியில் தலை இடித்தது. காது மடலெல்லாம் சுட்டது. அதற்குள் அடுத்தது வந்தது.

"நம்ம ஊர் பிளைட் எல்லாம் தெற்கு ஏர்போர்ட்லேர்ந்துதான் கிளம்பும். இங்க சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உனக்கு ரெண்டாவது டெர்மினல். கடைசி ஸ்டாப்ல இறங்கு, முன்னாடியே இறங்கிட்டுப் பெட்டியோட அலையாத."

அப்படியானால் அன்றைக்குப் போனில் அந்தச் சத்தமில்லாத நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் "சரிண்ணா" என்றிருக்கிறாள்.

மூன்றாவது வர நேரமானது. எழுதுகிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. இரண்டு நிறுத்தம் கடந்துவிட்டது. இதோ கேட்கப்போகிறாள், எட்டு மாதமாக நான் பயந்து ஓடிய கேள்வியைக் கேட்கப்போகிறாள் என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா போறதுக்கு முந்தின நாள் நர்ஸோட போன்லேர்ந்து என்னைக் கூப்பிட்டா. லீவு கிடைக்கலையாமேன்னு கேட்டா. அண்ணன் பொய் சொல்லிட்டான்னு அவளுக்குத் தெரிய வேணாம்னு, ஆமாம்மா கிடைக்கலன்னுட்டேன். இத யார்கிட்டயும் சொல்லலண்ணா. உன்கிட்ட சொல்லி அழணும்னுதான் நின்னேன்."

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. எதிர்ப்பக்கம், அவள் இருக்கும் திசைக்குப் போகிற வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது.

என் விமானத்துக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.