நல்லுறவும் ஒரு ‘ஏய்’யும்

“அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க வாயில அந்த ‘ஏய்’ வரவே கூடாது. சரியா?”

“நான் எப்பக் கண்ணு அப்பிடிக் கூப்புட்டேன்?” என்றார் கருப்புசாமி. உடனே வாசல் பக்கம் திரும்பி, “ஏய் சுப்பையா, நானு அப்பிடியா கூப்புடறேன்?” என்று கேட்டார்.

தாரணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கொள்ளேகாலில் இருந்து வந்து மைசூரில் ஊதுபத்தி கம்பெனி வைத்தவர் கருப்புசாமி. மனுஷனுக்கு எந்தப் பேச்சும் ‘ஏய்’ இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது. சாமி கும்பிடும்போது எப்படி ஆரம்பிப்பார் என்று வீட்டில் யாரும் விசாரித்ததில்லை.

ஒரு வாரமாக மகள் பயிற்சி கொடுத்தாள். நேற்று ஒரே ஒரு தடவை, “சுப்பையா அவர்களே, கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டார். சூப்பர்வைசர் சுப்பையா வெலவெலத்துப்போய், “ஏனுங்க, என்னைய வேலைய விட்டு நிறுத்தறீங்களா?” என்று கண் கலங்கிவிட்டார். அதோடு பயிற்சியும் முடிந்தது.

விஷயம் சின்னதில்லை. பின்லாந்தில் இருந்து ஆள் வருகிறது. அந்தக் குளிர் தேசத்தில் கோடை வந்தால் ஏரிக்கரை முழுக்கக் கொசுவாம். கருப்புசாமியின் கொசு விரட்டும் பத்தி வேண்டுமாம். தூதரகமே ஒரு வர்த்தக அதிகாரியைக் கூட அனுப்பியிருந்தது. ‘இரு நாட்டு நல்லுறவு’ என்று வாசலில் பேனர் கட்டியாயிற்று. உறவைச் சேர்த்துவைத்தது கொசு என்பதை மட்டும் அதில் போடவில்லை.

இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனிக்குப் பூட்டுதான். பத்தி போடும் மல்லம்மாவும் மற்ற பெண்களும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

“அவங்க என்ன கேட்டாலும் நான் சரின்னுடப் போறேன். நீங்க சிரிச்சுட்டே உக்காந்திருங்க. அஷ்டே, வேற ஒண்ணும் வேண்டாம்.”

“சரி கண்ணு. வாயவே தொறக்கல.”

வந்தார்கள். பின்லாந்து கம்பெனிக்காரர் யூஹா வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம். கூடவே தூதரக அதிகாரி பைவி என்ற பெண்மணி. இருவருக்கும் மைசூர் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, சந்தன மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

உட்கார வைத்ததில்தான் தாரணி கோட்டை விட்டாள். விருந்தாளிகள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே கருப்புசாமி. வாசலில் நிற்கும் சுப்பையாவை அவர் அதட்டினால், விருந்தாளியை அதட்டுகிற மாதிரியே இருக்கும்.

யூஹா ஆங்கிலத்தில் நிதானமாக ஆரம்பித்தார். “முதல் விஷயம். பாக்கெட்டில் உங்கள் பெயர், இந்த அம்மாவின் படம், இரண்டும் வேண்டாம். எங்கள் கம்பெனி பெயர்தான் இருக்கும்.”

படத்தில் இருப்பது பொன்னம்மா, தாரணியின் அம்மா. தாரணிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ‘சரி’ சொல்ல வாயைத் திறந்தாள்.

“ஏய்,” என்றார் கருப்புசாமி. அவருக்கு ஆங்கிலம் புரியவில்லை, விருந்தாளிக்கு வியர்ப்பது மட்டும் தெரிந்தது. “அந்த ஃபேனக் கொஞ்சம் வேகமா வையி.”

யூஹாவின் முகம் சிவந்தது. பைவியோடு தங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, “சரி, அந்தப் பேச்சை விட்டுவிடலாம்” என்றார்.

தாரணி மேஜைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தாள்.

“அடுத்தது, கப்பல் செலவு. அது உங்களுடையது.”

“ஏய்,” என்றார் கருப்புசாமி, இன்னும் பலமாக. “காப்பி எங்கய்யா? கொட்டை வாங்கக் கொடகுக்கே போயிட்டியா?”

யூஹா கழுத்தைத் தடவிக்கொண்டார். “அதையும் விட்டுவிடலாம்.”

ஆளுக்குக் குரலே இறங்கிவிட்டது. “கடைசியாக, பணம். சரக்கு விற்ற பிறகுதான்...” என்று இழுத்தபோது பேட்டா அவர் தலையிலிருந்து நழுவியது.

“ஏய், ஏய், ஏய்,” என்று கருப்புசாமி எழுந்தே விட்டார். சுப்பையா ஓடிவந்து பேட்டாவைப் பிடித்தார்.

“புரிந்துவிட்டது. இனிப் பேச ஒன்றும் இல்லை,” என்று யூஹா வெளியே போனார். பைவியும் பின்னாலேயே போனார்.

“ஏங் கண்ணு, காப்பி குடிக்காமப் போறாங்க?”

“பேசாதீங்கப்பா. தூர தேசத்துல இருந்து வந்தவங்க மூஞ்சியப் பாத்து, நாய வெரட்டற மாதிரி வெரட்டினீங்க. மல்லம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, கம்பெனி மூடியாச்சுன்னு.”

“நான் சுப்பையாவத்தான கூப்புட்டேன்,” என்றார் கருப்புசாமி. அப்பா இவ்வளவு சின்னக் குரலில் பேசி தாரணி கேட்டதே இல்லை. பாவமாகவும் இருந்தது, கோபமும் அடங்கவில்லை.

பைவி மட்டும் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கத் தாரணி எழுந்தாள்.

“உட்காருங்கள். யூஹா தலைமை அலுவலகத்தோடு பேசிவிட்டார். உங்கள் பெயரும் அந்த அம்மாவின் படமும் அப்படியே இருக்கும். கப்பல் செலவு அவர் கம்பெனியுடையது. பணமும் முன்கூட்டியே வந்துவிடும்.”

தாரணிக்கு ஒன்றும் ஓடவில்லை. “எல்லாமே எங்கள் இஷ்டப்படியா? எப்படி?”

பைவி கருப்புசாமியைப் பயம் கலந்த மரியாதையோடு பார்த்தார்.

“எத்தனையோ நாடுகளில் பேரம் பேசியவர் யூஹா. ஆனால் எங்கள் மொழியில் ‘முடியாது’ என்பதற்கான சொல்லைக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனைக்கும் முகத்துக்கு நேராக ‘ஏய்’ என்று சொன்ன ஒரே ஆள் உங்கள் அப்பாதானாம்.”